கூவியது நான்தான்

ஒரே கச்சேரிக்கு எதற்கு இரண்டு இசைத்தட்டு என்று என் மனைவி அடிக்கடி கேட்பாள். நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள், சார். தப்பில்லை. ஒரு ராக் கச்சேரியை மேடையில் பதிவு செய்யும்போது பாடகருக்கு ஒரு மைக், டிரம்ஸுக்கு நாலைந்து, கிடாருக்கு ஒன்று, கூட்டத்துக்கென்று இரண்டு எனத் தனித்தனியாகத்தான் பிடிப்பார்கள். பிறகு ஒருவர் அறைக்குள் உட்கார்ந்து எது முன்னால் வர வேண்டும், எது பின்னால் நிற்க வேண்டும் என்று கலந்து தருவார். அதுதான் மிக்ஸ். கல்யாண குரூப் போட்டோவில் யாரை முன்வரிசையில் உட்கார வைப்பது என்பது மாதிரி. ஆட்கள் அதே ஆட்கள்தான். மனஸ்தாபம் வருவது வரிசையால்.

எங்கள் குடும்பத்தில் மனஸ்தாபம் வந்ததும் அப்படித்தான். அதற்கு வருகிறேன். முதலில், நான் ஸ்டேஷனுக்கு வந்தது அந்த லாரி டிரைவருக்காக. வண்டியைப் பின்னால் எடுக்கும்போது பீப் பீப் என்று சத்தம் வந்தது, அந்தப் பெரியவர் திரும்பவே இல்லை என்று அவர் அழுதுகொண்டே சொல்கிறாராம். அவர் சொல்வது உண்மை. சின்ன வயசு, இரண்டு குழந்தைகள் வேறு. அவர் வாழ்க்கை வீணாகிவிடக் கூடாது. காது விஷயம் என்பதால் நான் சொன்னால் எடுபடும். கடைத்தெருவில் காது மெஷின் கடை வைத்திருக்கிறேன், இந்த ஊரில் பாதிப் பேருக்கு மாட்டியவன் நான்தான். இறந்துபோனவர் என் அக்கா புருஷன். அவர் காதில் இருந்ததும் நான் மாட்டியதுதான்.

அத்தான் பல் டாக்டர். நல்ல உயரம். தெருமுனையில் சிரித்தால் வீட்டுக்குள் கேட்கும். அக்காவைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில் எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அதுவரை அக்கா என்னோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தையெல்லாம் இவர் எடுத்துக்கொண்டார். அவருக்கும் அது புரிந்திருக்க வேண்டும். ஒருநாள் இரண்டு டிக்கெட்டை என் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

"உங்க அக்காவுக்கு இந்தச் சத்தமெல்லாம் ஒத்துக்காது. நீ வர்றியா, இல்ல மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இங்கயே உக்காந்திருக்கப் போறியா?"

போனேன். கால்பந்து மைதானம். தூறல். தரையெல்லாம் சேறு, அதன்மேல் பலகை போட்டிருந்தார்கள். மேடையில் நாலு பேர், எல்லோரும் ஒல்லி, எல்லோருக்கும் முடி. முதல் பாட்டிலேயே என் விலா எலும்பு அதிர்ந்தது. அத்தான் கழுத்து டையைக் கழற்றித் தலையில் கட்டிக்கொண்டு ஆடினார். பிறகு ஒரு பாட்டின் நடுவில் கிடார் திடீரென்று ஊமையாகிவிட்டது. ஒயர் பிடுங்கிக்கொண்டது என்று பிறகு சொன்னார்கள். டிரம்ஸ்காரர் மட்டும் மெதுவாகத் தட்டிக்கொண்டிருக்க, மைதானமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அந்த அமைதியில் ஒரே ஒரு குரல் நீளமாகக் கூவியது. அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் சேர்ந்து கூவ, கிடார் உயிர் பெற்று எழுந்தது.

அந்தக் கச்சேரி தட்டாக வந்தது. இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு. கூவல் அப்படியே இருந்தது. கூவியது நான்.

அந்த முதல் மிக்ஸைக் குறை சொல்பவர்கள் உண்டு. போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு கேட்பது மாதிரி இருக்கிறது என்பார்கள். எனக்கு அதுதான் அழகு. பேஸ் கிடார் வயிற்றில் இடிக்கும், கூட்டம் நம்மைச் சுற்றி நிற்கும், கூவல் நடுவில் எழும். என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவளைத் தூக்கி ஸ்பீக்கர் முன்னால் பிடித்து, "இதுதான் அப்பா" என்று காட்டுவேன். பள்ளிக்கூடத்தில் எல்லாக் குழந்தைகளும் அப்பாவின் வேலையைச் சொன்னபோது, எங்கப்பா ரெக்கார்டில் இருக்கிறார் என்று சொன்னவள் அவள். கடைக்கு வருகிறவர்களிடமும் நான் போட்டுக் காட்டுவதுண்டு. காது மந்தமானவர்கள் மறுத்துப் பேச மாட்டார்கள், நல்ல ரசிகர்கள்.

அத்தானுக்குக் காது போனது ட்ரில்லால். வருஷக்கணக்கில் அந்தக் கீச்சுச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர். கீச்சென்று ஒலிக்கும் மெல்லிய சத்தங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக விடைபெற்றன. நான்தான் வற்புறுத்தி அழைத்து வந்து, கடையில் இருந்ததிலேயே நல்ல ஜோடியை மாட்டிவிட்டேன். மாட்டிய நிமிஷமே தன் சட்டையைத் தடவிப் பார்த்தார். துணி உரசுவது கேட்கிறதாம். வீட்டுக்குப் போனதும் ஃப்ரிட்ஜ் முனகுகிறது, கடிகாரம் தட்டுகிறது, செருப்பு கிறீச்சிடுகிறது என்று குழந்தை மாதிரி ஒவ்வொரு அறையாகச் சுற்றினாராம்.

"எல்லாம் கேக்குது அவருக்கு, நான் கூப்பிடுறது மட்டும்தான் இன்னும் கேக்கல. அதுக்கும் ஒரு மெஷின் இருந்தா குடுடா" என்று அக்கா போனில் சிரித்தாள்.

அந்த உற்சாகத்தில்தான் அவர் இரண்டாவது மிக்ஸை வாங்கினார். பழைய டேப்புகளை எடுத்து வேறொருவர் புதிதாகக் கலந்து, அதே கச்சேரியைக் கனமான தட்டில் மறுபடி வெளியிட்டிருந்தார்கள். நான் அதை ஒருமுறை கடையில் நின்றபடியே கேட்டுவிட்டு, வேண்டாம் என்று வைத்துவிட்டு வந்திருந்தேன். ரொம்பச் சுத்தம். ஒவ்வொரு வாத்தியத்தையும் துடைத்துத் தனியாக வைத்தது மாதிரி. கச்சேரிக்கு எதற்கு அவ்வளவு சுத்தம்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். இரண்டு தட்டையும் மாற்றி மாற்றிப் போட்டு ஒப்பிட வேண்டும் என்றார். போட்டோம். அந்த இடம் வந்தது. அத்தான் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார். ஊசியைப் பின்னால் வைத்து மறுபடி கேட்டார்.

"அட, இது பொம்பளக் குரல்டா."

ஊசியைத் தூக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஞாபகம் வந்துடுச்சு. நமக்கு முன்னால மஞ்சத் தொப்பி போட்ட ஒரு பொண்ணு நின்னாளே, அவதான். நீ அப்ப தண்ணி வாங்கப் போயிருந்தே. திரும்பி வந்து, என்னாச்சு, ஏன் எல்லாரும் கத்துறாங்கன்னு என்னையே கேட்டே!"

முதலில் சிரித்தது என் மகள். கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். "அப்போ இவ்வளவு நாளா நான் யாரையோ அப்பான்னு நெனச்சுட்டு இருந்தேனா?" என்றாள். என் மனைவி சமையலறைக்குப் போய்ச் சிரித்தாள். அது அவள் காட்டிய மரியாதை. அதற்குப் பிறகு மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், "கூவின அம்மா இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றுவார். நானும் சிரிப்பேன். நான் சுலபத்தில் கோபப்படுகிறவன் இல்லை, சார். கேட்டுப் பாருங்கள். தண்ணீர் வாங்கப் போனது உண்மைதான். ஆனால் அது வேறு பாட்டின்போது.

அத்தான் மேல் எனக்கு வருத்தமே கிடையாது. அவருக்குக் காது கொஞ்சம் அதிகமாகக் கேட்க ஆரம்பித்திருந்தது, அவ்வளவுதான். அதைச் சரிசெய்ய வேண்டியது தொழில்முறையில் என் பொறுப்பு.

காது மெஷினைக் கம்ப்யூட்டரில் இணைத்தால் திரையில் ஒரு கோடு தெரியும். இடது பக்கம் கனமான சத்தம், வலது பக்கம் கீச்சென்ற மெல்லிய சத்தம். அடுத்த முறை அவர் மெஷினைத் துடைத்து வாங்கிப் போக வந்தபோது, வலது பக்கத்தைக் கொஞ்சம் கீழே இழுத்தேன். நானும் ஒரு மிக்ஸ் செய்தேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். இரண்டு தட்டும் அவருக்கு ஒன்றுபோலக் கேட்க வேண்டும், அவர் வாயாலேயே, நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று வர வேண்டும். என் ஆசை அவ்வளவு சின்னது.

சில வாரங்களில் திரும்பி வந்தார். "என்னடா இது, முன்ன மாதிரி இல்லையே."

சோதனை அறையில் உட்கார வைத்துப் பார்த்தேன். காது அப்படியேதான் இருந்தது. "நரம்பு தளர்ந்துக்கிட்டே வருது அத்தான். மெஷின் என்ன பண்ணும், பாவம்" என்றேன். இன்னும் கொஞ்சம் இறக்கி அனுப்பினேன்.

மெல்லிய சத்தத்தை இறக்கும்போது டிரம்ஸின் சிம்பல் மட்டும் போவதில்லை. பெண்கள் பேச்சு மங்கும், குழந்தைகள் பேச்சு போயே போய்விடும். அவர் கிளினிக்கில் ஒரு சின்னப் பெண் வலிக்கிறது என்று முனகியிருக்கிறாள். அவருக்குக் கேட்கவில்லை. அவளுடைய அம்மா கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் ட்ரில்லை நிறுத்தினாராம். அன்றைக்கே நர்ஸை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கிளினிக்கைப் பூட்டிக்கொண்டு நேராக என் கடைக்கு வந்தார்.

"வலிக்குது வலிக்குதுன்னு சொல்லியிருக்கா. நான் பாட்டுக்குக் கொடஞ்சுக்கிட்டு இருந்திருக்கேன். இனிமே நான் டாக்டர் இல்லடா."

அவ்வளவு பெரிய மனிதர் என் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார். தண்ணீர் கொடுத்தேன். முதுகைத் தடவிக்கொடுத்தேன். அவர் மூக்கைச் சிந்தி முடிக்கும்வரை மெஷின் என் மேசையில், கம்ப்யூட்டரோடு இணைந்துதான் இருந்தது. அன்றைக்கும் கொஞ்சம் இறக்கினேன். ஆனால் பதிலுக்கு இன்னொன்றும் செய்தேன். என் குரல் கனமானது, உங்களுக்கே தெரிகிறது. அந்தப் பகுதியை மட்டும் நன்றாக ஏற்றி வைத்தேன். அவர் தனியாகிவிடக் கூடாது இல்லையா?

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் எங்கள் இருவருக்கும் நல்ல மாதங்கள். அக்கா சொல்வது புரியாமல் அவர் எரிந்து விழுவார், இவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், நான் போய் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து அவள் சொன்னதை எடுத்துச் சொல்வேன். எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்றில்லை. என்னைப் பார்த்தாலே அவர் முகம் மலரும். புது மாப்பிள்ளையாக வந்த நாளில்கூட அவருக்கு நான் அவ்வளவு வேண்டியவனாக இருந்ததில்லை.

"பெரிய ஆஸ்பத்திரில ஒரு தடவ காட்டட்டுமாடா?" என்று அக்கா கேட்டாள்.

"எதுக்குக்கா அலைச்சல்? நான் இருக்கேன்ல."

பிறகு ஒருநாள் எல்லோரையும் வரச் சொல்லி இரண்டு தட்டையும் மறுபடி போட்டேன். அத்தான் தலையைக் குனிந்து, கண்ணை மூடிக் கேட்டார்.

"ரெண்டும் ஒண்ணு மாதிரிதான்டா இருக்கு."

"அந்தக் கூவல்?"

"உன் குரலாத்தான் இருக்கும். நான்தான் அன்னைக்கு என்னமோ உளறிட்டேன். மன்னிச்சுக்கோ."

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. என் மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "போதும்ப்பா, மாமாவ விடுங்க" என்று எழுந்து போனாள். சின்ன வயசு ஞாபகம் வந்திருக்கும்.

அத்தோடு திரையில் அந்தக் கோட்டை மறுபடி ஏற்றியிருக்கலாமே என்பீர்கள். ஏற்றத்தான் இருந்தேன். ஒரேயடியாக ஏற்றினால் கேள்வி வரும், கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யலாம் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் அவர் பாட்டுக் கேட்பதையே விட்டுவிட்டார். போன சனிக்கிழமை கூப்பிட்டு, "எல்லாத் தட்டையும் நீயே எடுத்துட்டுப் போ. எனக்கு எதுக்கு இனிமே?" என்றார். முப்பது வருஷம் சேர்த்தது. இரண்டாவது மிக்ஸும் அதில் இருந்தது. அட்டைப்பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருக்கும்போது அக்கா வந்து, திங்கட்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் நேரம் வாங்கியிருப்பதாகச் சொன்னாள். மெஷினையும் கொண்டு வரச் சொன்னார்களாம். "நீ கோச்சுக்காதடா" என்றாள். நான் எதற்குக் கோபித்துக்கொள்ளப் போகிறேன்?

என் காரை அவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில், கடைகளின் பின்பக்கச் சந்தில் நிறுத்தியிருந்தேன். அங்கேதான் லாரிகள் சரக்கு இறக்கும். மழை அப்போதுதான் விட்டிருந்தது. கடைசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு நான் வர, அத்தான் கார் கதவைத் திறந்துவிட எனக்கு முன்னால் நடந்தார். சந்தில் வேறு லாரிகளும் உறுமிக்கொண்டிருந்ததால், உறுமல் எந்தப் பக்கம் என்று அவருக்குப் பிரித்துத் தெரிந்திருக்காது. பீப் சத்தம் ஒன்றுதான் அவரைத் திருப்பியிருக்கும். அந்தச் சத்தம் அவருக்கு இல்லை. இல்லாமல் செய்தவன் நான். இதை எழுதிக்கொள்ளுங்கள், டிரைவருக்கு உதவும்.

லாரி பின்னால் வருவதை நான் பார்த்தேன். கொஞ்சம் மெதுவாகத்தான் வந்தது. அத்தான் என்று ஒருமுறை கூப்பிட்டிருந்தால் அவருக்குக் கேட்டிருக்குமா என்று கேட்பீர்கள். கேட்டிருக்கும். என் குரலைத்தான் ஏற்றி வைத்திருந்தேனே. ஆனால் கூப்பிட்டால் அவர் என் பக்கம் திரும்பி அங்கேயே நின்றிருப்பார், அது இன்னும் ஆபத்து. இரண்டு எட்டு வைத்துத் தோளைப் பிடித்து இழுத்திருக்கலாம்தான். கையில் பெட்டி இருந்தது, சார். தரையெல்லாம் ஈரம். அதை நான் எங்கே வைப்பேன்?