பெரியண்ணன் காட்டுச் சாமை

உங்கள் மேசையில் இருக்கும் சாமைப் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள், ஐயா. ஒரு கறுப்பு வெள்ளைக் கட்டம் தெரியும். கைபேசியில் காட்டினால் சாமை விளைந்த காடு, அறுத்த நாள், விளைவித்தவர்கள் படம் எல்லாம் வரும். பெரும்பாலானவர்கள் பொட்டலத்தைப் பிரிக்கும்போது அந்த இடத்தில்தான் கத்தரியை வைக்கிறார்கள்.

நான் ஜீவானந்தம். மலையூரான தலைச்சோலையில் இயற்கை விவசாயிகள் குழுவின் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறேன். அந்தக் கட்டத்துக்குப் பின்னால் ஓடும் பிளாக்செயின் பதிவை இந்த மலைக்குக் கொண்டுவந்தவன் நான்தான். அது வேலை செய்யும் விதம் தெரிந்துவிட்டால், நான் சொல்ல வந்தது எளிதாகப் புரியும்.

விதைத்தது, அறுத்தது, மூட்டை கட்டியது என்று ஒவ்வொன்றும் ஒரு பதிவு. ஒவ்வொரு பதிவுக்குள்ளும் அதற்கு முந்தையதன் அடையாளம் கலந்து, எல்லாம் ஒரு சங்கிலியாகக் கோத்திருக்கும். நடுவில் ஒன்றைத் திருத்தினால் பின்னால் வருபவை எதுவும் பொருந்தாது. அதே பதிவு பல ஊர்க் கணினிகளில் இருப்பதால், எல்லாவற்றையும் சேர்த்துத் திருத்தவும் வழியில்லை. இந்தச் சாமையை விளைவித்த பெரியண்ணனுக்கும் அவர் மனைவி ஆராயிக்கும் இதை அவர்கள் காட்டில் உட்கார்ந்து விளக்கினேன். ஆராயி சட்டென்று பிடித்துக்கொண்டார்.

“நம்மூரு வம்பு மாதிரின்னு சொல்லு கண்ணு. நாலு ஊட்டுக்குத் தெரிஞ்சு போச்சுன்னா அப்பறம் மாத்திப் பேச முடியாது.”

பெரியண்ணன் எதையும் கேட்கவில்லை. நான் நீட்டிய கருவியில் விரலை வைத்து, “நீ சொன்னாச் சரி கண்ணு,” என்றார். பூச்சி மருந்து அடிக்கவில்லை என்பதற்கு அந்த விரல்தான் சாட்சி.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. அவர்கள் புதுச் சாமையை முதலில் பொங்கிச் சாமிக்குப் படைப்பார்கள். பிறகுதான் விற்க மூட்டை கட்டுவார்கள். என் முறையிலோ, களத்திலேயே கட்டி முத்திரை வைத்து நேராகக் கிடங்குக்கு வர வேண்டும். இதைச் சொன்னபோது பெரியண்ணன், “இந்த ஒரு வருசம் உனக்காக உட்டுத்தாரன்,” என்றார்.

இனி, வாங்குகிறவர்கள். தொடங்குவதற்கு முன் சேலத்திலும் சென்னையிலும் இயற்கை அங்காடி வாசல்களில் நின்று கேட்டேன். உணவு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பார்ப்பீர்களா? கண்டிப்பாகப் பார்ப்போம் என்றார்கள். கொஞ்சம் கூடுதலாகவே கொடுக்கலாம் என்றார்கள். ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, “என் குழந்தை சாப்பிடுறதுங்க, தெரிஞ்சுக்கணும்ல,” என்றாள். நான் நம்பினேன்.

பொட்டலங்கள் கடைக்குப் போயின. யாரும் பார்க்கவில்லை. எத்தனை பேர் திறந்தார்கள் என்று எனக்குத் தெரியும். பெரும்பாலும் திறந்தது என் கைபேசியாகவே இருந்தது. ஆராயி என்னைக் கண்ட இடத்தில் எல்லாம் விசாரிப்பார்.

“என்ர மூஞ்சிய எத்தன பேரு பாத்தாங்க கண்ணு?”

“இன்னும் யாரும் பாக்கலீங்க அக்கா.”

“பின்ன? புதுச் சீல கட்டிக்கிட்டு வாரேன்னேன், நீதான் வேண்டாம்னுட்டே. இந்த மூஞ்சிய எவன் பாப்பான்?”

“நான் பாக்கறது பத்தாதாக்கும்?” என்றார் பெரியண்ணன்.

அவர்கள் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. என் முகத்துக்கு நேரே வாக்குக் கொடுத்தவர்கள், வீட்டுக்குப் போனதும் அதை மறந்துவிட்டார்கள். இந்த வழக்கில் ஏமாற்றப்பட்டவர் யார் என்று கேட்டால், நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

எங்கள் மேலாளர் புஷ்பலதா கோபமில்லாமல்தான் சொன்னார். “ஏனுங்க ஜீவா, நல்லா இருக்கற வரைக்கும் யாருங்க பின்பக்கம் திருப்பிப் பாப்பாங்க? ஏதாச்சும் ஆச்சுன்னாத்தான் தேடுவாங்க. இந்தப் பதிவெல்லாம் இந்த அறுப்போட நிறுத்திக்கலாமுங்க.”

அவர் அனுபவசாலி. அவர் சொன்னதை நான் நிதானமாக யோசித்தேன். அப்படியானால் ஏதாவது ஆக வேண்டும். சிறியதாக, என் கைக்குள் அடங்குவதாக. ஆனவுடன் சங்கிலி எந்தக் காடு, எந்த மூட்டை என்று காட்டும். மற்றவை பாதுகாப்பானவை என்பதும் அந்த நொடியே தெரியும். அதற்காகத்தானே அது கட்டப்பட்டது. பெரியண்ணன் சாமையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அவருடைய பதிவில்தான் ஓர் இடைவெளிகூட இல்லை. கிடங்கில் அவர் மூட்டை ஒன்றைப் பிரித்தேன், பூச்சி மருந்தைக் கலந்தேன், மறுபடி முத்திரை வைத்தேன். முத்திரைக் கருவி என்னிடம்தான் இருக்கிறது. பொட்டலம் போடுமுன் மாதிரி எடுத்துச் சோதிக்கும் பரிசோதனைக் கூடம் அதைக் கண்டுபிடிக்கும் என்பதுதான் ஏற்பாடு.

அதற்குள் பெரியண்ணன் கிடங்குக்கு வந்தார்.

“சாமிக்குப் பொங்காம இருக்க மனசு கேக்க மாட்டீங்குது கண்ணு. ஒரு படி அளந்து குடு. என்ர காட்டுதே குடு, வேற காட்டுது ஆவாது.”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவருடைய நல்ல மூட்டைகளும் பக்கத்திலேயே அடுக்கியிருந்தன. ஆனால் பரிசோதனைக் கூடத்திலிருந்து வரப்போவது வெறும் ஓர் எண். எண்ணுக்காக யாரும் பொட்டலத்தைத் திருப்பிப் பார்க்கப் போவதில்லை. நான் அவிழ்த்தது மருந்து கலந்த அந்த மூட்டையை. படியைத் தலைதட்டாமல் கூம்பாக அளந்தேன். சாமிக்கு அப்படித்தான் அளப்பார்கள். கழுவிப் பொங்கும்போது வீரியம் குறைந்துவிடும், வயிற்று வலியோடு போய்விடும் என்பது என் கணிப்பு.

ஆராயி அன்று விரதம். படைத்து முடித்ததும் முதலில் அவர்தான் சாப்பிட்டார். அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கப் பாத்திரத்தோடு கிளம்பிய பெரியண்ணன், மனைவி விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பினார். வேறு யாரும் சாப்பிடவில்லை. சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது, மலை இறங்குவதற்குள் ஆராயியின் உயிர் போய்விட்டது.

செய்தி பரவியதும் மக்கள் பொட்டலங்களைத் திருப்பினார்கள். சேலம், சென்னை, பெங்களூரு என்று ஊர் ஊராகத் திறந்தார்கள். சங்கிலி எங்கும் தடுமாறவில்லை. அந்தக் காட்டுச் சாமையை வைத்திருந்த ஒவ்வொருவரும் ஆராயியின் முகத்தைப் பார்த்தார்கள்.

விரல் வைத்தவர் என்பதால் நீங்கள் பெரியண்ணனைக் காவல் நிலையத்துக்கு அழைத்துவந்தீர்கள். “தப்பு என்னுதுதானுங்க,” என்று அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டீர்கள். அவர் சொன்னது மருந்தைப் பற்றி அல்ல, ஐயா. சாமிக்குப் படைக்காமல் மூட்டை கட்டினாரே, அதைச் சொன்னார். ஆராயி போனது அதற்கான தண்டனை என்று நம்புகிறார். நேற்று இங்கே கம்பிக்கு உள்ளே நின்று என்னிடமே சொன்னார்: “நீ மனசக் கொழப்பிக்காத கண்ணு. உனக்கு எங்க மொற தெரியாது. எனக்குத் தெரியுமல்ல.”

ஆகவே அவர் கொடுத்த வாக்குமூலம் தவறான பதிவு. மருந்து கலந்தவன் நான். தெரிந்தே அளந்து கொடுத்தவனும் நான். அவரை விட்டுவிட்டு என்னைப் பற்றி எது வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். பெரியண்ணனுக்குத் துரோகம் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவருடைய பதிவில் நான் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை.