தட்டைத் தொட்டால் கடிப்பாள்

விரலில் தழும்போடும் முகத்தில் புன்னகையோடும் இவ்விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் தலைமையாசிரியர் அவர்களே! வேலையை விட்டு வந்திருக்கும் பெரியோர்களே! மடியில் ஒன்று, தோளில் ஒன்று, தூணுக்குப் பின்னால் ஒன்று எனப் பிள்ளைகளோடு போராடிக்கொண்டே காது கொடுக்கும் தாய்மார்களே! மூன்றாம் வகுப்பு ஆசிரியையின் முதல் வணக்கம்!

அந்தத் தழும்பின் கதையைத்தான் சொல்ல வந்தேன். தலைவர் வேண்டாமென்று தலையாட்டுகிறார். மேடையேற்றிவிட்டு மறுக்கலாமா, ஐயா?

என் வகுப்பில் ஒரு சிறுமி. பட்டப்பெயர் 'கடிவாயி'. பென்சில் இரவல் கேட்டால் கடி. தள்ளி உட்காரச் சொன்னால் கடி. பாவமென்று தலையைத் தடவினாலும் கடி! ஒரு மதியம், கடைசிக் கவளத்தை ஆசையாய் ஒதுக்கி வைத்துவிட்டு விரலை நக்கிக்கொண்டிருந்தாள். சாப்பிட்டு முடித்தாள் என்றெண்ணித் தலைவர் தட்டைத் தூக்கினார். தூக்கியது தட்டு, கிடைத்தது கடி! அவர் போட்ட அலறலைப் பள்ளி மணி என்று நினைத்துப் பாதிப் பிள்ளைகள் வீட்டுக்கே போய்விட்டார்கள்!

என்ன, பின்வரிசையில் சிரிப்பு? கடித்தது உங்கள் விரலை அல்லவே!

"பள்ளியை விட்டே அனுப்புங்கள்" என்றார்கள் பலர். மருத்துவமனையில் துணி வெளுக்கும் அவள் தாய், ஈரக்கையோடு ஓடி வந்தார்.

"பெரிய மனுஷரைப் போய்க் கடிப்பியாடி?"

"நான் இன்னும் முடிக்கலம்மா. அவரு தட்டத் தூக்கிட்டாரு."

தாய் தலை குனிந்தார். "தப்பா நினைக்காதீங்க சார். இவங்கப்பா மூட்டை தூக்குற இடத்துல விழுந்து படுத்ததுலேருந்து, எல்லாப் புள்ளைங்களுக்கும் ஒரே தட்டுதான். ஒரு தும்மல் போட்டாப் போதும், சோறு காணாமப் போயிடும். சின்னவன் இவளையே கடிப்பான்."

தலைவர் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

மறுநாள் தம் தட்டோடு வந்து, அவளருகே தரையில் அமர்ந்தார்.

"உன் தட்டை எடுத்துக்கலாமாம்மா?"

"இல்ல சார். இன்னும் ரெண்டு வாய் இருக்கு."

காத்திருந்தார். மணி அடித்தது, காத்திருந்தார். ஆய்வாளர் வந்தார், அவரையும் காக்க வைத்தார்! நாள்தோறும் இதுவே நடந்தது. ஒருநாள் அவளே தட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"நீங்க தின்னுங்க சார். எனக்குப் போதும்."

போதும்! அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன்.

பொல்லாத பிள்ளை என்கிறோமே, பொல்லாதது பிள்ளையா, பசியா? பிடிவாதம் என்கிறோமே, அது பிறவிக் குணமா, வெறும் வயிற்றின் குரலா? பசி வந்தால் பத்தும் பறக்கும் என்று பெரியவர்களுக்குச் சலுகை தந்த நாம், பிள்ளைகளுக்கு மட்டும் பிரம்பையா தருவோம்?

வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைகளுக்காக, மதியம் போலக் காலையிலும் இப்பள்ளியில் அடுப்பெரியட்டும்! அரிசி உள்ளவர் அரிசி தாருங்கள். அது இல்லாதவர் அகப்பை பிடிக்க வாருங்கள்!

எழுந்து போகாமல் கேட்ட அத்தனை நெஞ்சங்களுக்கும் நன்றி. நாளைக் காலை அடுப்படியில் சந்திப்போம். வணக்கம்!