ஃபோனுக்குப் போட்ட பூட்டு

ஒக்காரு ரெஜினா. கல்யாணப் பத்திரிகைய நின்னுகினே நீட்டிட்டு ஓடறதுக்கு நீ இன்னா கேபிள்காரனா? ஃபேனுக்குக் கீழ ஒக்காரு. அந்தச் சேர் வேணாம், கால் ஆடுது. போன வாரம் ஜஹானாரா ஒக்காந்து விழப் பாத்தா. கீழ் வூட்ல தைக்கிறாளே, அவ தான். விழுந்திருந்தா சேருக்குத் தான் ஆபத்து.

ஃபோன்ல சார்ஜ் இல்லியா? குடு, அடுப்பாண்ட போட்டுட்டு வரேன். ஹால்ல பிளக் செத்துப் போயி மாசக்கணக்கா ஆவுது, சாலமனாண்ட சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்குது. பெத்த புள்ளைக்கு நம்ம சொன்னா ஏறாது. உனக்கு அந்தக் கவலை இல்ல. உன் ஆல்வின் நீ போட்ட கோட்டைத் தாண்ட மாட்டான்னு நம்ம கோவில் ஜனமே சொல்லுது.

இந்தா டீ. சக்கர கம்மி தான். குடி, குடி.

பத்திரிகை ஜோரா கீது. ஆல்வின் பேரு தங்கமா மின்னுது. சிறுசேரி கம்பெனி பேரக் கூடப் போட்டுட்டியா? போடணும், கஷ்டப்பட்டுப் படிக்க வெச்சவ நீ தானே. கோவில்ல ரெண்டு கல்யாண ஓலை படிச்சாச்சி இல்ல? வர ஞாயித்துக்கிழமை மூணாவது. இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாச்சும் தெரிஞ்சா வந்து சொல்லுங்கன்னு ஃபாதர் கேப்பாரு. இத்தனை வருஷத்துல யாரும் சொல்லி நான் பாத்ததில்ல. என் ஓலை படிக்கும்போது எங்க சித்தப்பா சத்தமா ஒரு தும்மல் போட்டாரு. மொத்தக் கோவிலும் திரும்பிப் பாத்திச்சி. எங்கூட்டுக்காரரு சவுரிமுத்து சாவுற வரைக்கும் அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு, அன்னிக்கே ஒனக்குத் தடை விழுந்திச்சிடின்னு.

ஏஞ்சலா? பேத்தி இங்க இல்ல, அவ அத்தை வூட்டுக்கு அனுப்பிட்டேன். ஆமா, கோவில் மறைக்கல்விக் கிளாசுக்கு ஒரு மாசமா வரல. டீச்சரு நீ, கவனிச்சிருக்க. அதப் பத்தி உன்னாண்ட பேசணும்னு தான் பத்திரிகைய யார்கிட்டயும் குடுத்து அனுப்பாத, நீயே பதினோரு மணிக்கு வான்னு சொன்னேன். பொம்பள புள்ள சமாச்சாரம், ஃபோன்ல பேச முடியுமா.

அவளுக்கு இன்னும் பன்னெண்டே முடியல ரெஜினா. சோறு எறங்கல. இந்த வெய்யில்ல ஸ்வெட்டர் போட்டுகினு சுத்தறா. தாம்பரமே கொதிக்குது, பஸ் ஸ்டாண்டாண்ட நாய் கூட எந்திரிக்க மாட்டேங்குது, இது ஸ்வெட்டர் போட்டுகினு கீது. காலைல பாத்தா பெட்ஷீட்ட அதுவே பாத்ரூம்ல கசக்கிப் போடுது. அந்த வயசுல மூத்திரம் போயிருக்கு. வயசுக்கு வர நேரம், அப்பிடித் தான் இருக்கும்னா என் மருமக. அவளுக்கு எல்லாமே அப்பிடித் தான் இருக்கும். எங்க பெரிய நாத்தனாரும் இப்பிடித் தான், புருஷன் காமாலைல மஞ்சளா ஆனப்போ மனுசன் நல்லா நெறம் வந்துட்டாருன்னா.

சரி, சரி. விஷயத்துக்கு வரேன்.

ஒரு நாளு தல வாரிகினு இருந்தேன். பின் கழுத்துல கை பட்டதும் அப்பிடித் தூக்கிப் போட்டுச்சி அதுக்கு. சீப்பக் கீழ வெச்சேன். ஏஞ்சலு, நீ இன்னா பண்ணியிருந்தாலும் ஆயா அடிக்க மாட்டேன், உங்கம்மாவ ஃபோனப் புடுங்க வுட மாட்டேன், சொல்லும்மான்னேன். அந்த ரெண்டாவது வார்த்தைல தான் கண்ணு கலங்கிச்சி. அடிய விட ஃபோன் போயிடுமேன்னு தான் பயம் கொழந்தைக்கு. அது தெரிஞ்சி தான் அவனும் ஆட்டம் காட்டியிருக்கான். உங்கம்மாகிட்ட சொன்னா ஃபோன் போயிடும், அப்புறம் உனக்கு யாருமே கெடையாதுன்னு.

யாரா? ஜோஷ்வாவாம். பதினாலு வயசாம். பெங்களூராம். ஃபோன்ல கேம் ஆடுதுங்களே, அதுக்குள்ளயே பேசிக்கலாமாம். மொதல்ல நல்லாத் தான் பேசியிருக்கான். கணக்குச் சொல்லித் தந்தானாம். உங்கம்மா உன்னத் திட்டினாங்களா, பாவம் நீன்னானாம். அப்புறம் மூஞ்சி போட்டோ கேட்டான். அப்புறம் ஸ்கூல் டிரெஸ்ல கேட்டான். அதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன், அது என் கொழந்தையோடது, என் வாய்ல வராது. கடைசில, இன்னும் அனுப்பு, இல்லன்னா இத்தனையும் உன் கோவில் குரூப்புல போட்டுடுவேன்னான். தெனம். பள்ளிக்கூடம் விட்டு வரும்போதே ஆரம்பிச்சிடுவானாம்.

அழுவாத ரெஜினா. நீ அழுதா எனக்கும் வரும். மூஞ்சத் தொடைச்சிக்க, டவல் கீது.

ஃபோன் அடிக்குதா? உன்னுதா தான் இருக்கும். அடிக்கட்டும், கல்யாண வூட்டுக்கு ஆயிரம் பேர் அடிப்பான், பந்தக்காரன், பிரியாணிக்காரன். டீ ஆறுது பாரு.

சாலமன் கையத் தூக்கிட்டான். நான் நடுவுல நின்னேன். இப்ப அடிச்சீன்னா நாளைக்கு அவ அவனாண்ட தான்டா போய் அழுவான்னேன். கை எறங்கிடிச்சி. மருமக இன்னா பண்ணா, எல்லாத்தையும் அழிச்சிடலாம், மானம் போயிடும்னா. நான் ஃபோனப் புடுங்கி முந்தானைல முடிஞ்சிகினேன். ஜஹானாரா பொண்ணு மாஹிரா தான் கொழந்தைங்களுக்கு ஒதவுற நம்பராமே, பத்து தொண்ணூத்தெட்டு, அதுக்கு ஃபோன் போட்டுக் குடுத்தா. அவங்க சொன்னாங்க, ஒண்ணையும் அழிக்காதீங்க, அவனுக்குப் பதில் போடாதீங்க, அப்பிடியே கொண்டாந்து குடுங்கன்னு. அந்தப் பொண்ணுக்கு நல்ல மாப்பிள்ள கெடைக்கணும். அவ நிக்காவுக்கு நான் போவேன், முட்டி வலிச்சாலும் போவேன்.

இன்னா சொன்ன? நடு ரோட்ல நிக்க வெச்சி வெட்டணுமா?

இன்னொரு தபா சொல்லு. இந்தக் காது செரியாக் கேக்கல. ஆங். பெத்தவளக் கேக்கணுமா, எப்பிடி வளத்தான்னு? நீயே சொல்லிட்ட. நான் அவ்ளோ தூரம் யோசிக்கல.

நான் யோசிச்சதெல்லாம் நீ போட்ட மீட்டிங்கப் பத்தி தான். கோவில் ஹால்ல வெச்சியே, புள்ளைங்கள நெட்டுல எப்பிடிப் பாதுகாக்கறதுன்னு. ஆல்வின் தான் பேசினான், சுவத்துல படம் போட்டுப் போட்டுக் காட்டினான். அருமையாப் பேசினான், பொய் சொல்லக் கூடாது. ஃபோன ரூம்ல குடுக்காதீங்க, ஹால்ல வெச்சிப் பாக்க வைங்கன்னான். கேம்ல தெரியாதவன் பேசினா புள்ள ஒங்களாண்ட வந்து சொல்ற மாதிரி வெச்சிக்கங்கன்னான். அத்தனையும் நெசம். அந்தப் பேச்ச நாங்க கேட்டு நடந்திருந்தாவே போதும், ஏஞ்சல் தப்பிச்சிருப்பா. ஆனா நம்ம ஜனங்களுக்குக் கஷ்டமானத விட்டுட்டு சுலுவானது தானே வேணும். கடைசியா ஒரு பூட்டு போடலாம், பெத்தவங்க நம்பர் போட்டாத் தான் ஃபோன் தொறக்கும்னான். எங்களுக்குப் போடத் தெரியாதே தம்பின்னாங்க எல்லாரும். குடுங்க, நானே போட்டுத் தரேன்னான். காணிக்க கூடைய எடுத்தாந்து நீட்டினது நீ தான். ரேஷன் கடை மாதிரி வரிசைல நின்னு புள்ளைங்க ஃபோன அதுல போட்டோம். காணிக்கைக்குக் கூட அப்பிடி மனசார யாரும் போட மாட்டான். மைக் செட் ரூமுக்குள்ள எடுத்துகினு போனான். நாங்க சமோசா தின்னுட்டு, ஹாலக் கூட்டிப் பெருக்கிட்டு நிக்கிறோம், அப்பத் தான் வெளிய வந்தான். நல்ல புள்ளப்பா, எவ்ளோ பொறுமைன்னு நானே சொன்னேன்.

எங்கூட்டுக்காரரு ரயில்வேல இருந்தாருல்ல, பீரோவுக்குன்னு ஒரு பூட்டு வாங்கினாரு, தேங்கா சைசு இருக்கும். வாங்கிட்டு, சாவி தொலைஞ்சிடுமேன்னு ஒரு சாவியக் கொண்டு போயி எதுத்த வூட்டுக்காரனாண்ட குடுத்து வெச்சாரு. அவன் தான் அப்புறம் தெறந்தான். வேற யாரு தெறப்பான்?

எங்க எழுந்துக்கிற? ஒக்காரு. ஃபோன் அடிச்சா அடிக்கட்டும்னேன். இன்னும் முடியல.

இந்த ஜோஷ்வா ஏஞ்சலுக்கு இன்னா எழுதியிருக்கான் தெரியுமா? சாயங்காலம் ஆனா ஃபோன் பூட்டிக்குதா பாப்பா, உங்கம்மாகிட்ட கேக்காத, இந்த நாலு நம்பரப் போடு, தொறந்துக்கும்னு. போட்டிருக்கா, தொறந்துகினு கீது. பெங்களூர்ல கீற பையனுக்கு தாம்பரத்துல கீற பூட்டோட நம்பர் எப்பிடித் தெரியும்? என் மருமக யாருக்கும் சொல்லல, மாதா மேல சத்தியம் பண்ணா. நம்பர் அவ வெச்சது கெடையாது, போட்டவன் வெச்சிக் குடுத்தது. அஸ்தினாபுரத்துல நம்ம ஜோனத்தான் பொஞ்சாதியக் கேட்டேன், உன் பொண்ணு ஃபோனுக்கு இன்னா நம்பர்னு. அதே நம்பர். அந்தக் கூடைல போன ஃபோனு அத்தனைக்கும் ஒரே சாவி ரெஜினா.

உன் புள்ள தான்.

கத்தாத. மேல் வூட்ல சின்னக் கொழந்த தூங்குது. நான் சொன்னா நம்பாத, நீ சொல்ற மாதிரி என் வாய் நீளம் தான். மகளிர் ஸ்டேஷன்ல இன்ஸ்பெக்டரம்மா அவன் எந்த வூட்டு நெட்டுலேர்ந்து பேசினான்னு பாத்துக் கண்டுபுடிச்சிட்டாங்க, அவங்களுக்கு என் பூட்டுக் கதை தேவையே படல. சும்மாக் கேட்டுகினாங்க.

இல்ல, நீ ஒண்ணும் தெரியாதவ மாதிரி நெஞ்சில அடிச்சிக்காத. எனக்கு அது பாக்கப் புடிக்கல. சிங்கப்பெருமாள் கோவில்ல நல்லா இருந்த வூட்ட விட்டுட்டு ஏன் இங்க குடி வந்தீங்கன்னு ஒரு நாளு கேட்டதுக்கு, ஆல்வினுக்கு பஸ் வசதின்னு சொன்ன. போன வாரம் சாலமன் பைக்ல ஒக்காந்து அங்க போனேன். முதுகு ரெண்டாப் போச்சு. உன் பழைய வூட்டுக்குப் பின்னால ஒருத்தி கீறா, அவளுக்கும் ஒரு பொண்ணு. நீ அவ கால்ல விழுந்தியாமே. எம் புள்ளைக்கு வாழ்க்க போயிடும், சின்னப் புள்ளைங்க வெளையாட்டு, இனிமே நான் பாத்துக்கறேன்னு அழுதியாமே. அவ எளகிட்டா. இப்ப அவளும் புகார் எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டா. பாத்துக்கறேன்னு சொன்னவ நீ. நல்லாத் தான் பாத்துகின, கூடையையும் நீயே புடிச்சி.

ஓலைக்கெல்லாம் நான் எழுந்து நிக்கப் போறதில்ல, பயப்படாத. மூணாவது ஓலை படிக்க மாட்டாங்க. பொண்ணு வூட்டுக்குக் காலைலயே போயிட்டு வந்துட்டேன். நல்ல ஜனங்க. டிபன் சாப்ட்டுட்டுப் போங்கன்னாங்க, விஷயத்தச் சொன்னப்புறம் ரெண்டு பேருக்கும் எறங்கல.

ஏன் பதினோரு மணிக்கு வரச் சொன்னேன்னா கேக்கற? இன்ஸ்பெக்டரம்மா அந்நேரத்துக்குத் தான் உன் வூட்டுக்குப் போறோம்னாங்க. அவன் இன்னிக்கு வூட்ல ஒக்காந்து தான் வேலை பாக்கறான், அதுவும் நீ சொன்னது தான். அவங்க என்ன ஒண்ணும் கேட்டுக்கல, நானா தான் யோசிச்சேன். நீ வூட்ல இருந்தா கதவுல குறுக்க நிப்ப. அவன் ஃபோனத் தூக்கிக் கெணத்துல போடுவ. போட்டிருப்பியா இல்லியா? சொல்லு. நான் போட்டிருப்பேன், என் புள்ளையா இருந்தா. அதுக்குத் தான் இவ்ளோ பேச்சு. இல்லன்னா உன்னாண்ட பேச எனக்கு இன்னா கீது.

மறுபடியும் அடிக்குது பாரு. உன் வூட்டுக்காரரா இருக்கும்.

எல்லாம் முடிஞ்சிருக்கும், இப்பப் போய் எடு. அடுப்பாண்ட கீது, பாத்து, டீ வடிகட்டின பாத்திரம் சூடா இருக்கும்.