ஆறாவது ஸ்லாட்

அந்த ஆறாவது ஸ்லாட் கார்டு சும்மா கிடக்காது, வில்யாருஸ் சார். தயாரா காத்துக்கிட்டிருக்கும். ரெண்டும் ஒண்ணில்லை. மணிலா தலைமை ஆபீஸ்லருந்து இலோயிலோ வரைக்கும் செலவைக் குறைக்கன்னே வந்திருக்கீங்க, முழுசா கேட்டுட்டுப் போங்க. கலமான்சி எலுமிச்சை ஜூஸ் எடுத்துக்குங்க, ஐஸ் கரையுது.

இந்த ஆஸ்பத்திரியில இருக்கற அத்தனை கம்ப்யூட்டரும் போனும் ஒரே ஒரு ஸ்விட்ச் பெட்டியிலதான் வந்து சேருது. பழசை மாத்தறோம். புதுசுல பத்து ஸ்லாட். அதுல எட்டு ஸ்லாட், வயர் செருகற கார்டுக்கு. அந்த எட்டுல ஃபைபர் கேபிளுக்கு மூணு கேட்டிருந்தேன், லிஸ்ட்ல ஒண்ணை அடிச்சிட்டீங்க. சரிதான், அது என் பேராசை. ஆனா அஞ்சும் ஆறும் கன்ட்ரோல் கார்டுக்கு. அஞ்சு வேலை பாக்கும். நீங்க அடிச்சிருக்கற ஆறு, அஞ்சுக்குத் தெரிஞ்சதையெல்லாம் நொடிக்கு நொடி தானும் தெரிஞ்சுக்கிட்டுப் பேசாம இருக்கும்.

என்னது, அதுலயும் வயர் கார்டே போட்டுக்கலாமா? ஏறாது சார். அந்த இடம் அதுக்குன்னே செஞ்சது. வேணும்னா வெறும் தகட்டை வச்சு மூடலாம்.

அஞ்சு நிக்கவே நிக்காதுன்னு விக்கிறவர் சொன்னாரா? எழுதிக் குடுத்தாரா? ம்... கேட்டுப் பாருங்க. அஞ்சு நின்னா ஆறு எடுத்துக்கும். ஐசியூல ஒரு திரைகூட அணையாது. மாறினதே யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா அது நல்ல கார்டு இல்லை.

அதே தாள்ல இன்னொரு வரியையும் அடிச்சிருக்கீங்க. நெட்வொர்க் துணைத்தலைவர், டெல்ஃபினா சலாஸார், தேவையில்லாத பதவி. ஆமா, நான்தான். ஸ்கேல் வச்சு நேராவே அடிச்சிருக்கீங்க, சந்தோஷம். பதினாறு வருஷமா தலைவர் லகாஸ்கா பக்கத்துல உக்காந்து நான் என்ன செஞ்சேன்? நியாயமான கேள்விதான்.

அவரே சொன்னா ஒத்துக்குவீங்களா? இருங்க, எழுந்திரிக்காதீங்க. கதவைத் தட்ட வேண்டாம். கண்ணாடி வழியாத் தெரியறது நாற்காலியில மாட்டியிருக்கற அவரோட ஸ்வெட்டர் மட்டும்தான்.

போன மாசம் உங்க ஆபீஸ்லருந்து அவருக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்துது. வருஷம் பூரா நெட்வொர்க் ஒரு நிமிஷம்கூட நிக்கலையாம். அவர் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் படிச்சுக் காட்டினேன். வாயோட ஒரு பக்கம் மட்டும் சிரிச்சுது.

பக்கவாதம் சார். பதினொரு மாசம் ஆச்சு.

ஏன் சொல்லலையா? யாரும் கேக்கலை. எதுவும் நிக்கலையே.