எதிர்ப்புறம் எங்கள் புதிய கிளை

மத்தியானம் மூன்று மணி. ராத்திரி இல்லை, மத்தியானம். பேய்க்கு இருட்டுதான் வேண்டும் என்று யார் சொன்னது? நல்ல வெயில். வீடுகள் முடிகிற இடத்திலிருந்து நகரத்துக்குப் போகிற அகலமான சாலை. ஒரு நாய்கூட இல்லை. தார் இளகிய வாசனை... எங்கேயோ ஒரு லாரி வருகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், லாரி மட்டும் வரவே வராது. அந்த மாதிரி மத்தியானம்.

விளக்கு எரியட்டும், அணைக்க வேண்டாம். கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள்.

என் சிநேகிதனின் பெரியப்பாவுக்கு நடந்தது இது. அவன் அம்மாவுக்கு அக்கா ஒருத்தி, அந்த அக்காவின் புருஷன். வீட்டில் எல்லோரும் பெரிய மாப்பிள்ளை என்றுதான் சொல்வார்கள். அந்தச் சாலையில் பூட்டிக் கிடந்த ஒரு சூப்பர் மார்க்கெட்டின் முன்னால் காரை நிறுத்தி இறங்கினார். கையில் சாவிக்கொத்து. முகத்தில்... சந்தோஷம்.

ஏன் சந்தோஷம் என்று தெரிய வேண்டுமானால் அவர் வேலையைச் சொல்ல வேண்டும். கிளை கிளையாகக் கடை திறக்கிற ஒரு பெரிய கம்பெனியில், எங்கே கடை போடலாம் என்று இடம் பார்த்துச் சொல்கிற வேலை. கம்பெனி முதலில் நகரத்துக்குள்தான் இருந்தது. சனங்கள் வெளியே வெளியே வீடு கட்டிக்கொண்டு போனார்கள். கடையும் அவர்கள் பின்னாலேயே போயிற்று. புதர் மண்டிய இடத்தில் குடியிருப்பு, குடியிருப்பு வந்த இடத்தில் கடை.

இந்தத் தொழிலில் ஒரு பாடம் உண்டு. 'வீட்டுப் பக்கம்' என்பார்கள். காலையில் வேலைக்கு ஓடுகிறவன் வெங்காயம் வாங்க மாட்டான். சாயங்காலம் திரும்பி வருகிறவன்தான் வாங்குவான். அவனும் சாலையைத் தாண்டி அந்தப் பக்கம் போக மாட்டான். அதனால் கடையை எப்போதும் வீடு திரும்புகிறவர்கள் வருகிற பக்கத்தில் போட வேண்டும். வாங்கினவன் அப்படியே நேரே வீட்டுக்குப் போய்விடுவான்.

இதைத் தன் சகலைக்குச் சொல்லிக் கொடுத்தவரே பெரிய மாப்பிள்ளைதான். மச்சினியைக் கட்டியவர், சின்ன மாப்பிள்ளை. வேலை இல்லாமல் திரிந்தவரைக் கம்பெனியில் சேர்த்துவிட்டு, பக்கத்தில் நிற்க வைத்துத் தொழில் கற்றுக்கொடுத்தார். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது.

சின்ன மாப்பிள்ளை தொட்டதெல்லாம் துலங்கியது. குப்பை கொட்டுகிற இடத்தைக் காட்டி "இங்க போடுங்க" என்பார். கடை திறந்த வாரமே தள்ளுவண்டி போதாது. பெரிய மாப்பிள்ளை பார்த்துக் கொடுத்த இடங்களின் கதை வேறு. ஒன்று, பழைய சினிமா கொட்டகை. தரை சரிவு என்பதை யாரும் யோசிக்கவில்லை. வண்டியை விட்டால் அது பாட்டுக்கு உருண்டு திரை இருந்த மூலைக்குப் போய் நிற்கும், வாடிக்கையாளர் பின்னாலேயே ஓட வேண்டும். இன்னொரு கடையின் தலைக்கு மேலே பாலம் வந்தது. இன்னொன்றின் பக்கத்திலேயே வேறொரு கம்பெனிக்காரன் இரண்டு மாடியில் கடை திறந்தான். ஒவ்வொன்றையும் ஷட்டர் இழுத்து மூட வேண்டியதாயிற்று. ஆபீஸில் அவருக்கு 'ஷட்டர்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். காதில் விழுகிற மாதிரியே சொல்வார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். வீட்டில் நடப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. சின்ன மாப்பிள்ளை ஒரு ஜோக் சொன்னால் பெரிய மாப்பிள்ளையின் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அதே ஜோக்கை இவர் சொன்னால், "சரி, கை கழுவுங்க" என்பாள். பொறாமைதான். வேறு பெயர் சொல்லி மழுப்ப வேண்டாம். உள்ளுக்குள் நெருப்பு மாதிரி எரிந்துகொண்டிருந்தது.

அப்புறம் ஒருநாள் சின்ன மாப்பிள்ளை ஒரு தப்பு செய்தார். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். இந்தச் சாலையில், வீட்டுப் பக்கம் இடம் இருக்கும்போதே, அதை விட்டுவிட்டு, காலையில் வேலைக்குப் போகிறவர்கள் போகிற பக்கத்தில் கடை போடச் சொன்னார். அந்தப் பக்கமாகப் போனால் நகரம். அதற்கு முன்னால், கொஞ்ச தூரத்தில், மயானம். பெரிய மாப்பிள்ளை கேட்டார். "என்ன சகலை, நான் சொல்லிக் கொடுத்ததையே மறந்துட்டீங்களா?"

அவர் சிரித்தார். "எல்லாரும் ஒருநாள் இந்தப் பக்கம்தானே சகலை போகணும்."

கடை ஈயாடியது. அதைப் பார்ப்பதற்கு முன்னாலேயே சின்ன மாப்பிள்ளை போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் கடை வாசலில், காருக்குள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு... இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்ததாம். கொஞ்ச நாளில் கடையையும் மூடிவிட்டார்கள்.

பெரிய மாப்பிள்ளை அழுதார். நிஜமாகவே அழுதார். ஆனால் செத்தவரிடம் எப்படிப் போட்டி போடுவது? வீட்டுச் சுவரில் படமாக ஏறியபின் அவர் புகழ் இன்னும் கூடிவிட்டது. பெரிய மாப்பிள்ளைக்கு ஓய்வு பெற ஆறு மாதம் இருந்தது. அதற்குள் ஒரே ஒரு கடை, ஒரே ஒரு கடையாவது, கூட்டம் அலைமோத வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அந்த மூடிய கடைக்கு நேர் எதிரே, வீட்டுப் பக்கத்தில், கடைசியாக ஓர் இடம் பார்த்து முடித்திருந்தார். அடுத்த வாரம் திறப்பு. சகலை தோற்ற சாலையில் நான் ஜெயிக்கிறேன் பார் என்று. அதற்கு முன்னால், அந்தத் தோல்வியை உள்ளே போய் ஒருமுறை கண்ணாரப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. அதற்குத்தான் அந்த மத்தியானம் சாவியோடு வந்தார்.

பூட்டில் சாவியைப் போட்டார். அப்போது கேட்டது...

கிறீச்... கிறீச்... கிறீச்.

சக்கரம் கோணிய தள்ளுவண்டி. எல்லாக் கடையிலும் அப்படி ஒன்று இருக்கும், நமக்கென்று அதுதான் அகப்படும். ஷட்டருக்குப் பின்னால் யாரோ தள்ளிக்கொண்டு போகிறார்கள். அப்புறம் இன்னொன்று. டிட்... டிட்... பில் போடும் சத்தம். கரண்டை வெட்டி மாதக்கணக்கு ஆகிவிட்ட கடை.

ஷட்டரை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக் குனிந்து பார்த்தார்.

முதலில் குளிர்தான் முகத்தில் அடித்தது. சலவைத்தூள் வாசனை. அதற்கு அடியில் வாடின பூ வாசனை. பிறகு கால்கள் தெரிந்தன... நிறையக் கால்கள். ஒன்றிலும் செருப்பில்லை. நிமிர்ந்தார். கடை நிறைய ஆட்கள். எல்லோர் உடம்பிலும் புதுத்துணி. வாரிவிட்ட தலை. காலி அலமாரியில் கைவிட்டு எதையோ எடுக்கிறார்கள், கூடையில் போடுகிறார்கள். கூடையும் காலிதான். பெரிய மாப்பிள்ளையின் தெருவில் மருந்துக்கடை வைத்திருந்தவர் வரிசையில் நின்றார். போன மாதம் அவர் இறுதிச் சடங்குக்கு இவரே போய் வந்திருந்தார்.

பில் போடும் இடத்துக்குப் பக்கத்தில், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, சின்ன மாப்பிள்ளை.

"நெருக்காதீங்க, எல்லாருக்கும் இருக்கு," என்று கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். திரும்பினார். பார்த்தார். அதே சிரிப்பு.

"வாங்க சகலை. இடம் எப்படி?"

நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? செருப்பை விட்டுவிட்டு ஓடியிருப்போம். பெரிய மாப்பிள்ளைக்குப் பயம் வரவில்லை. அவருக்கு வந்தது ஒன்றே ஒன்றுதான். வயிற்றெரிச்சல்.

செத்த பிறகும்! செத்த பிறகும் இவன் கடையில் நிற்க இடமில்லை! போகிற பக்கத்தில் போட்டது தப்பே இல்லை. மயானத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் வந்துதானே ஆக வேண்டும்... ஒருத்தர் பாக்கியில்லாமல். இதைவிட நல்ல இடம் உலகத்தில் உண்டா?

படீரென்று ஷட்டரை இழுத்து விட்டார். நேரே கார் டிக்கிக்குப் போனார்.

ஒரு கிளையை மூடினால் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டுவது கம்பெனி வழக்கம். பழகின வாடிக்கையாளர் வேறு கம்பெனிக்குப் போய்விடக் கூடாதில்லையா. இந்தக் கடையை மூடியபோது பக்கத்தில் வேறு கிளை இல்லை, அதனால் ஒட்டவில்லை. இப்போது எதிரே புதுக்கடை வருவதால், இங்கே ஒட்டுவதற்கென்று அச்சடித்த அறிவிப்புத் தாள்கள் டிக்கியில் இருந்தன. ஒன்றை எடுத்தார். பசை தடவினார். ஷட்டரின் நட்ட நடுவில், கையால் நீவி நீவி ஒட்டினார்.

'இந்தக் கிளை மூடப்பட்டது. எதிர்ப்புறம் எங்கள் புதிய கிளை. அனைவரும் வருக.'

தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடை என்பார்களே, அந்தக் கதை. உள்ளே டிட்... டிட்... சத்தம் நின்றது. தள்ளுவண்டியும் நின்றது. அந்த அமைதி அவருக்கு இனித்தது.

திறப்பு நாள் வந்தது.

காலையில் பலூன் கட்டி, கதவைத் திறந்து வைத்து, வாசலில் நின்றார். சனங்கள் வந்தார்கள். வாசல் வரை வந்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி, "உள்ள நிக்கவே இடமில்லையே, அப்புறம் வர்றேன்," என்றாள்.

பில் போடுகிற பெண் வெறும் கடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஏன் சார், ஒருத்தருமே இல்ல. எல்லாரும் ஏன் திரும்பிப் போறாங்க?" என்று கேட்டாள். ஏ.சி.யைக் குறைக்கச் சொல்லி இரண்டு தரம் வந்து நின்றாள். ஏ.சி. அன்றைக்கு இன்னும் போடவே இல்லை.

கடைக்காரர்களில் பெரிய மாப்பிள்ளைக்கு மட்டும் தெரிந்தது. வரிசை கதவைத் தாண்டி, பலூனைத் தாண்டி வளைந்து நின்றது. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் பார்த்த இடத்தில் கூட்டம். கண் கலங்கிவிட்டது அவருக்கு. விற்பனை பூஜ்யம். அது யாருக்கு வேண்டும்!

சாயங்காலம், எல்லோருக்கும் கடைசியாக, சின்ன மாப்பிள்ளை வந்தார். காலிக்கூடையோடு. சத்தம் போடாமல் வரிசையின் கடைக்கோடியில் நின்றார். பெரிய மாப்பிள்ளை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவரிடம் போனார். இந்த ஒரு நிமிஷத்துக்காக எத்தனை வருஷம்!

"வாங்க சகலை. இடம் எப்படி?"

சின்ன மாப்பிள்ளை கடையைச் சுற்றிப் பார்த்தார். சாலையைப் பார்த்தார். "அருமையான இடம் சகலை," என்றார். கேலியே இல்லை, மனசாரச் சொன்னார். "நம்ம கடை போற பக்கமாப் போயிடுச்சு. அங்கேருந்து கிளம்புனா மயானம்தான். இந்தப் பக்கம் தாண்டி வர யாராவது கூப்பிட மாட்டாங்களான்னு எத்தனை நாளாப் பாத்துகிட்டிருந்தோம் தெரியுமா... நீங்கதான் கூப்டீங்க."

சொல்லிவிட்டு, கூடையைக் கையில் மாட்டிக்கொண்டு, வெளியே நடந்தார். முன்னால் போனவர்கள் எல்லோரும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தார்கள். சாலையோரமாக, சாவகாசமாக, வேலை முடிந்து வருகிறவர்கள் மாதிரி. வீடுகள் இருக்கிற பக்கமாக.

பெரிய மாப்பிள்ளைக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டுப் பக்கத்துக் கடைக்கு வந்தவன் அடுத்து எங்கே போவான் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவர் அவர்.

செல்போன் அடித்தது. மனைவி. தங்கை வீட்டிலிருந்து பேசினாள்.

"ஏங்க... சின்ன மாப்பிள்ளை வந்திருக்காருங்க." குரலில் பயம் இல்லை. மூச்சுத்தான் வாங்கியது, நிறையச் சிரித்தவளுக்கு வாங்குகிற மாதிரி. பின்னால் தங்கையின் சிரிப்பு, பிள்ளைகள் சிரிப்பு. இவருடைய பிள்ளைகளும்தான். நடுவில் அந்தக் குரல் ஏதோ சொல்ல, மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். "நீங்க ஒண்ணும் அவசரப்பட்டு வர வேணாம். கடைய பாத்துக்கோங்க. நாங்க இங்க நல்லா இருக்கோம்."

போனை வைத்துவிட்டாள். செத்தவன் வீட்டுக்கு வந்துவிட்டான் என்பது அவருக்கு அப்போது பெரிதாகத் தெரியவில்லை. தன் மனைவி தன்னோடு ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை என்பதுதான் தெரிந்தது.

அன்றைக்கு அந்தக் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு அழைப்பு மணி அடித்தது. யார் யார் கதவைத் திறந்தார்கள் என்று கேட்காதீர்கள். அங்கே இருப்பவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பெரியப்பா இன்னும் அந்தக் கடையில்தான் இருக்கிறார். வீட்டுக்குப் போகவில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, சாலையைப் பார்த்துக்கொண்டு... உயிரோடு இருக்கிறவர்களும் வருவதில்லை, மற்றவர்களும் வருவதில்லை.

பாவம், தன் கதையைத் தானே சொல்கிற கொடுப்பினைகூட அவருக்கு இல்லை. இதை எனக்குச் சொன்னது பெரியப்பா இல்லை. சிநேகிதனும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை சிநேகிதன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் குளித்துக்கொண்டிருந்தான். அவன் அப்பாதான் கதவைத் திறந்து உட்காரச் சொன்னார். நல்ல மனிதர். தொடையைத் தட்டித் தட்டிச் சொன்னார், எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. "சகலை வயிறு எரிஞ்சது எனக்குத் தெரியாதா தம்பி," என்றார்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தார். "உங்க வீடு எங்க தம்பி? அந்தப் பக்கம் கடை ஏதும் இருக்கா?" என்று விசாரித்தார்.

நான் இந்தத் தெருவுக்கு வழி சொன்னேன்.