வடதுருவக் களிம்பு

வெள்ளிச் சாமான் துலக்கத் திருநீற்றை மிஞ்சியது ஒன்றும் கிடையாது. கடையில் என்னென்னவோ பொடி விற்கிறார்கள். அதெல்லாம் வெள்ளியைத் தின்றுவிடும். ஒரு சிட்டிகை திருநீறு, பழைய வேட்டித் துணி, கொஞ்சம் பொறுமை, இவ்வளவு போதும். உங்கள் வீட்டிலும் இப்படித்தானே, மேடம்? நீங்கள் தலையாட்டுவதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. பாதி விஷயம் உங்களுக்கு இப்போதே புரிந்துவிட்டது.

அந்த மூட்டையைத் தள்ளிவிட்டு உட்காருங்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், அதனால்தான் வீடு இப்படிக் கிடக்கிறது. ஸ்டேஷனில் புகார் கொடுத்தது என் மகன் வளவன்தான் என்று தெரியும். அவன்மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. அப்பா என்றால் அவனுக்கு உயிர்.

என் கணவர் குஞ்சிதபாதத்துக்கு நிலக்கரிச் சுரங்க ஸ்டோர்ஸில் வேலை. சின்ன வயதில் கிட்டிப்புள் பட்டு வலது கண் போய்விட்டது. மிச்சமிருந்த இடது கண்ணால் அவர் பார்த்ததெல்லாம் நாணயங்களைத்தான். ஷிஃப்ட் முடிந்து வந்தால் சட்டையைக்கூட மாற்றாமல் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்துவிடுவார். நான் புதுப் புடவை கட்டிக்கொண்டு குறுக்கே நடந்தால், வெளிச்சத்தை மறைக்காதே என்பார். மற்றபடி தங்கமான மனிதர். குடி, சீட்டு, எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது.

வளவன் கனடாவில் வேலைக்குப் போனதும் அப்பாவுக்கு ஒரு வெள்ளிக் காசு அனுப்பினான். வட்டமான கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கும். அதைப் பற்றி அப்பாவும் பிள்ளையும் போனில் மணிக்கணக்காகப் பேசுவார்கள். அதில் என்ன இருக்கிறது என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பீரோவின் மேல்தட்டில் அதற்கு இடம். நான் தொடக் கூடாது.

பிறகு அவருக்கு இடது கண்ணில் புரை விழுந்தது. ஆபரேஷன் நன்றாக முடிந்தது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இருக்கறது ஒரே கண்ணும்மா. சொட்டு மருந்த ஒரு வேளைகூட விடாதீங்க. செவந்தாலோ வலிச்சாலோ அன்னைக்கே கூட்டிட்டு வந்துடணும்" என்றார். நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். பாருங்கள், வார்த்தை மாறாமல் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்தவர் கண்ணில் கட்டோடு தூங்கிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை. விளக்கையும் குங்குமச் சிமிழையும் துலக்கி முடித்தேன். கை நிறையத் திருநீறு மிச்சம் இருந்தது. அவருடைய வெள்ளியும் வெள்ளிதானே, எழுந்து பார்த்தால் மகிழ்ந்துபோவாரே என்று அந்தக் காசை எடுத்துக் கூட்டைத் திறந்தேன். மேல்பாதி முழுக்கப் பச்சை படர்ந்திருந்தது.

களிம்பு என்று நினைத்தேன், மேடம். செப்புக் குடத்தில் தண்ணீர் நின்றால் ஏறுமே, அதே பச்சை. குளிர் நாட்டிலிருந்து வந்த காசு, ஈரம் பிடித்திருக்கும். திருநீற்றுக்கு அது அசையவில்லை. புளியைப் போட்டு ஊற வைத்தேன். தேங்காய் நாரால் தேய்த்தேன். பச்சைக்குப் பின்னால் ஊதா வேறு இருந்தது, அதையும் விடவில்லை. கை வலிக்க வலிக்கத் தேய்த்து எடுத்தபோது காசு நிலா போல இருந்தது. அப்படி ஒரு துலக்கு நான் துலக்கியதே இல்லை.

அன்று மாலை வளவன் போன் செய்தான். "அப்பாவுக்குக் கட்டுப் பிரிச்சதும் அந்தக் காச குடும்மா. வடதுருவத்துல ராத்திரி வானத்துல பச்சையும் ஊதாவுமா ஒளி ஆடும்மா, அதக் கொண்டாடத்தான் அந்தக் காசே போட்டாங்க. கலர்தாம்மா அதுல விசேஷம்" என்றான். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு காசைக் கூட்டுக்குள் போட்டு மூடி, பீரோவின் மேல்தட்டிலேயே வைத்துவிட்டேன்.

உள்ளேயிருந்து இவரும் குரல் கொடுத்தார். "கண்ணு தெளிஞ்சதும் மொதல்ல அதத்தான் பாக்கணும் பிரபா."

"என்னைப் பாக்க மாட்டீங்களா?" என்றேன் விளையாட்டாக.

"உன்னத்தான் முப்பது வருஷமா பாத்துக்கினு கீறனே" என்றார். இருவரும் சிரித்தோம்.

அந்தக் காசைப் பார்த்தால் அவர் முகம் எப்படி வாடும் என்று யோசித்தேன். ஆபரேஷன் செய்துகொண்ட மனிதருக்கு அப்படி ஒரு அதிர்ச்சி கொடுக்கலாமா? எனக்கு மனம் வரவில்லை. கட்டுப் பிரித்த புதிதில் அவருக்கு எல்லாம் மங்கலாகத்தான் தெரிந்தது. பளபளக்கும் பொருளைப் பார்க்கக் கூடாதென்று டாக்டர் சொன்னதாகச் சொல்லிக் கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டேன். ஆனால் மங்கல் என்றைக்கும் மங்கலாகவே இருக்காதே.

பின்பக்கம் நந்தியாவட்டைச் செடி நிற்கிறது, வரும்போது பார்த்திருப்பீர்கள். நந்தியாவட்டை கண்ணுக்குக் குளிர்ச்சி, யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பூவைக் குழாய்த் தண்ணீரில் ஊறவைத்து, காலியான ஒரு பழைய மருந்துப் பாட்டிலில் நிரப்பிக்கொண்டேன். டாக்டர் சொன்னபடி ஒரு வேளை தவறவில்லை. தலையை அண்ணாந்து, வாயைக் குழந்தைபோல லேசாகத் திறந்துகொண்டு உட்காருவார். கல்யாணமான நாளிலிருந்து என் முகத்துக்கு நேராக அவர் முகம் அவ்வளவு நேரம் இருந்தது அப்போதுதான்.

கண் சிவந்தது. "வலி தாங்கலடி பிரபா" என்றார். "அறுத்த கண்ணு வலிக்காம இருக்குமாங்க?" என்று மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன். காட்ட வரச் சொன்ன நாளில், டாக்டர் லீவு என்று சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டு சண்முகப்பிரியா பார்த்துப் பதறி ஆட்டோவைக் கூப்பிட்ட பிறகுதான் போனோம்.

உள்ளே கிருமி போய்விட்டது, இனி செய்வதற்கில்லை என்றார் டாக்டர். மருந்து ஒழுங்காகப் போட்டீர்களா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவரே சொன்னார்: "பிரபா மாதிரி யாரும் பாத்துக்க முடியாதுங்க. கண்ணுல வெச்சிப் பாத்துக்கினா." அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நடிப்பு இல்லை, மேடம், நிஜமான அழுகை.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் இருந்த சந்தோஷத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். என் தோளில் கை வைத்துக்கொண்டு மாலையில் பூங்கா வரை வருவார். பிளாக் முழுக்க எங்களைப் பார்த்து நின்றுவிடும். பேப்பர் படித்துக் காட்டுவேன். இன்றைக்கு என்ன கலர் புடவை என்று கேட்பார். மாம்பழக் கலர் என்பேன். உனக்கு எடுப்பாக இருக்கும் என்பார். முன்பு ஒரு நாளும் கேட்டதில்லை.

அந்தக் காசை மட்டும் விடவில்லை. யார் வந்தாலும் எடுத்துக் கையில் கொடுப்பார். "பச்ச தெரியுதா? மேல போவப் போவ ஊதா, பாரு" என்பார். சண்முகப்பிரியா வெறும் வெள்ளையாக இருந்த காசைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ரொம்ப அழகா இருக்குதுங்க சார்" என்றாள். நல்ல பெண். நாலு பேர் சேர்ந்து காப்பாற்றிய சந்தோஷம் அது.

வளவன் லீவில் வந்துதான் கலைத்தான். காசைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. தண்ணீர் குடிக்க ஃப்ரிட்ஜைத் திறந்தான். கதவுத் தட்டில் டாக்டர் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தெல்லாம் அட்டைப்பெட்டியோடு இருந்தது. காசு கொடுத்து வாங்கியதைத் தூக்கிப்போட எனக்கு மனசு வராது.

ஆமாம், மேடம், நான்தான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். ஆனால் கெடுதல் நினைத்துச் செய்யவில்லை என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். நந்தியாவட்டையும் மருந்துதான். மனசார நம்பித்தான் போட்டேன்.

ஒரு பாட்டில் மட்டும் பிரித்துப் பாதி தீர்ந்திருக்கிறதே, மனசு கேட்காமல் அவருக்குச் சில வேளை போட்டீர்களா என்று கேட்கிறீர்கள். இல்லை, பொய் சொல்ல மாட்டேன். அது நான் போட்டுக்கொண்டது. மாடியில் துணி எடுக்கும்போது நிலக்கரித் தூசி விழுந்து என் கண் உறுத்திக்கொண்டே இருந்தது. கண் விஷயம் இல்லையா? பூத்தண்ணீரை நம்பிக்கொண்டு இருக்க முடியுமா?