மூடுபனிக்கு மேலே முதல் குடித்தனம்

இன்ஸ்பெக்டர் வசந்தன் ஐயா அவர்களுக்கு,

டீயை முதலில் குடித்துவிடுங்கள். இந்த மலையில் சீக்கிரம் ஆறிவிடும்.

எங்கள் எஸ்டேட்டில் துவைத்த துணி காய்வதில்லை. காரணம் மூடுபனி. ஆகவே பனிக்கு மேலே தலை நீட்டும் நூற்றைம்பது மாடிக் கட்டடம் ஒன்றை வரைந்தேன். கீழ் மாடிகளில் தேயிலை, மேல் மாடிகளில் வீடுகள், உச்சியில் துணிக்கொடி. போன வாரம் தேவாலய வாசலில் வரைபடத்தை விரித்தேன். என் தங்கை டோரீனின் கணவர் ரொனால்ட் சிரித்தார்.

"அட அலமாக், கிரகரி மச்சான்! லிப்ட் ரிப்பேரானா அங்க எவன் இருப்பான் லா?"

நியாயமான கேள்வி. கட்டுவதற்கு முன் சோதித்துப் பார்க்க வேண்டியதும் அதுதான்.

சனிக்கிழமை, மேட்டில் உயரமான தூண்கள்மேல் நிற்கும் பழைய தண்ணீர்த் தொட்டியில் குழாய் அடைத்திருப்பதாகச் சொல்லி அவரை மேலே ஏற்றினேன். அவர் போன் கீழே மோட்டார் சைக்கிள் கூடையில் இருந்தது. பிறகு ஏணியை எடுத்தேன். லிப்ட் ரிப்பேரானால் நிலைமை அதுதானே.

சாப்பாடு கயிறு கட்டிய வாளியில் போனது. போர்வையும் அனுப்பினேன், நான் கல்நெஞ்சக்காரன் அல்ல.

"ஏணிய வைடா பாவி! நாளைக்கு எம்புள்ளைக்கு ஞானஸ்நானம்டா!"

'மச்சான்' போய் 'டா' வந்துவிட்டது. உயரத்தில் மரியாதை குறைகிறது என்று குறித்துக்கொண்டேன்.

மறுநாள் தேவாலயத்தில் குழந்தையை நானே ஏந்தி நின்றேன். ரொனால்ட் எங்கே என்று டோரீன் அழுதாள். "புது வீடு பாக்கப் போயிருக்காரும்மா," என்றேன். பொய் சொல்வது எனக்குப் பழக்கமில்லை. அந்த உயரத்திலிருந்து அவருக்குத் தேவாலயக் கூரை நன்றாகவே தெரிந்திருக்கும். தரைவீட்டுக்காரர்களுக்கு அந்த வசதி ஏது?

டோரீன் உங்களிடம் புகார் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. இன்று காலை என்னைத் திட்டி ஏணியை வைக்கச் சொன்னீர்கள். அவரை இறக்க நீங்களே ஏறினீர்கள். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்திருந்தது.

ஏணியை மறுபடியும் எடுத்தவன் நான்தான். ஒப்புக்கொள்கிறேன். ஒரே ஆள் சொன்னால் கட்டடக் கம்பெனிக்காரர்கள் நம்ப மாட்டார்கள். இரண்டாவது குடித்தனம் தேவைப்பட்டது. ஜீப்பில் உங்கள் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. வீடு மாறிவிட்டீர்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

வாளியில் டீயோடு பேனாவும் வைத்திருக்கிறேன். 'வசதியாக இருக்கிறோம்' என்று இதன் அடியில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு இறக்கவும். சந்தேகம் இருந்தால், முதல் நாள் தொட்டிக்குள் வழுக்கி விழுந்த ரொனால்டின் சட்டையைத் தொட்டுப் பாருங்கள் ஐயா. ஏறக்குறையக் காய்ந்துவிட்டது.